ரப்பர் மரக் கட்டில் உளுக்கிறது: உள்ளே இருக்கும் புழு மரத்தில் எதைச் செரிக்கிறது?

வாசல்திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடம் முன்பு ஒரு ரப்பர் மரக் கட்டில் வாங்கினோம். மூன்று மாதமாகக் காலையில் கூட்டும்போதெல்லாம் கட்டிலுக்கடியில் வெளுத்த தூள் கிடக்கிறது. விரலில் எடுத்துத் தேய்த்தால் முகப் பவுடர் போல வழுக்குகிறது. பக்கச் சட்டத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள், எண்ணிப் பார்த்ததில் முப்பதுக்கு மேல். அதே அறையில் தாத்தா காலத்துத் தேக்கு பீரோ நிற்கிறது. அதில் ஒரு துளைகூட இல்லை.

அம்மா பார்த்துவிட்டு "மரம் உளுத்துப்போச்சு" என்று முடித்துவிட்டார். மருந்து என்ன அடிக்கலாம் என்பதைக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் அதைவிட ஒரு கேள்வி மனதை அரிக்கிறது. மனிதனால் செல்லுலோஸைச் செரிக்க முடியாது, மாட்டுக்கு வயிற்றில் நுண்ணுயிர்கள் இருப்பதால் முடிகிறது என்று பள்ளியில் படித்தோம். அரிசி அளவுகூட இல்லாத இந்தப் புழு காய்ந்த கட்டையைத் தின்று எப்படி வளர்கிறது? அதன் குடலில் என்னதான் இருக்கிறது?

நுண்ணுலகம்

நல்ல கேள்வி அண்ணா. நான் நுண்ணுயிரியல் முதுநிலை படிக்கிறேன். மாட்டுக்குச் சொன்ன பதில்தான் இதற்கும். 1920களில் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் என்பவர் கரையான்களை வைத்துச் செய்த சோதனை எங்கள் பாடத்திலேயே வருகிறது. கரையானின் பின்குடலில் ஒருசெல் உயிரிகள் கூட்டமாக வாழ்கின்றன. கரையான் சாகாமல் அந்த உயிரிகளை மட்டும் அவர் கொன்றார். கரையான் வழக்கம்போல மரத்தைத் தின்றது, ஆனால் சில வாரங்களில் பட்டினியால் செத்தது. சாவதற்குள் உயிரிகளைத் திரும்பக் கொடுத்த கரையான் பிழைத்தது. மரத்தைத் தின்னும் பூச்சி எதுவானாலும் செரிப்பது குடலில் உள்ள நுண்ணுயிர்தான்.

மேகமலை

தம்பி, கிளீவ்லாண்ட் சோதனை அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை வண்டுப் புழுக்களுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. நம் ஊர்ப் புற்றுக் கரையானுக்கே பொருந்தாது. அதன் குடலில் அந்த ஒருசெல் உயிரிகள் இல்லை. அது புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் போட்டுச் சாப்பிடுகிறது. மழைக்குப் பின் நாம் பறிக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான்.

இருபது வருடமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், மரம் துளைக்கும் வண்டுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பல பொருள்களின் கட்டு. எடையில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ். அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ். இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின். இவை எல்லாம் செல்லின் சுவர். சில செல்களுக்கு உள்ளே மரம் தனக்காகச் சேமித்த மாவுச்சத்தும் சர்க்கரையும் கொஞ்சம் புரதமும் இருக்கும். ஒரு புழு மரத்தை விழுங்குகிறது என்றால் இவ்வளவையும் சேர்த்து விழுங்குகிறது. ஆனால் எந்த நொதி தன் குடலில் இருக்கிறதோ அதற்கேற்ற பங்கு மட்டும்தான் அதற்குச் சாப்பாடு. மீதி பின்வழியாக வெளியே போய்விடும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? நீங்கள் தினமும் கூட்டித் தள்ளுகிற அந்தத் தூளை வைத்துத்தான். 1929ல் இங்கிலாந்தில் கேம்ப்பெல் என்ற வேதியியலாளர் ஓக் மரத்தையும், அதைத் தின்ற புழுவின் எச்சத்தையும் தனித்தனியே பகுத்துப் பார்த்தார். லிக்டஸ் என்ற வண்டின் புழு போட்ட தூளில் செல்சுவர் அப்படியே இருந்தது. மரத்தைப் பொடியாக்கி உள்ளே அனுப்பி, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உருவிக்கொண்டு, சுவரை அது வெளியே தள்ளியிருக்கிறது. பழைய தேவாலய உத்திரங்களில் வாழும் செஸ்டோபியம் என்ற இன்னொரு வண்டின் எச்சத்திலோ செல்லுலோஸ் கணிசமாகக் குறைந்திருந்தது.

1940ல் பார்க்கின் என்பவர் அடுத்த படி ஏறினார். பல குடும்பங்களைச் சேர்ந்த புழுக்களின் குடல் நொதிகளைச் சோதித்து மூன்று கூட்டமாகப் பிரித்தார். லிக்டஸ் வகையும் அதன் உறவான போஸ்ட்ரிகிட் வண்டுகளும் செல்லுக்குள் இருப்பதை மட்டும் செரிக்கின்றன. மரப்பட்டை வண்டுகள் அதோடு ஹெமிசெல்லுலோஸையும் செரிக்கின்றன. செஸ்டோபியத்தின் குடும்பமான அனோபியிட் வண்டுகளும் நீள்கொம்பு வண்டுகளும் செல்லுலோஸ் வரைக்கும் போகின்றன. இந்தப் பிரிவுக்கு அப்புறம் பல திருத்தங்கள் வந்துவிட்டன, நீள்கொம்பு வண்டுகளிலேயே விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் உங்கள் கட்டிலையும் பீரோவையும் புரிந்துகொள்ள எனக்கு இன்றும் இதுதான் நல்ல சாவி.

பவுடர் போல வழுக்கும் தூள், சின்னத் துளை, ரப்பர் மரம். பெரும்பாலும் லிக்டஸாகத்தான் இருக்கும். அதற்குச் செல்லுலோஸைச் செரிக்கவே தெரியாது.

வாசல்திண்ணை

சார், இரண்டு தடவை படித்தேன். அப்படியானால் மரத்தையே தின்று வாழும் புழுவுக்கு மரத்தின் பெரும்பங்கு செரிப்பதே இல்லையா? அதனால்தான் இவ்வளவு தூள் கொட்டுகிறதா?

மேகமலை

அதேதான். நூறு பங்கு விழுங்கினால் சில பங்குதான் உடம்பில் ஒட்டுகிறது. அதனால் அது விடாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாவுச்சத்து சுமார் 3 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் லிக்டஸ் புழுவால் அந்த மரத்தில் வளர முடியாது.

உளிச்சத்தம்

நான் நாகர்கோவில் பக்கம் மரவேலை செய்கிறேன். அப்பாவும் ஆசாரிதான். சார் எழுதியதைப் படித்தபோது, பட்டறையில் அப்பா சொன்ன பல விஷயங்களுக்கு இன்றுதான் காரணம் கிடைத்தது.

நிலை, கதவுக்குத் தேக்கு எடுத்தால் அப்பா வெள்ளையை, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய வெளிப்பகுதியை, ஓரம் விடாமல் செதுக்கி எறிந்துவிடுவார். வைரம் பாய்ந்த பகுதி மட்டும்தான் உள்ளே போகும். "வெள்ளையை வச்சா உளு வந்து உட்காரும்" என்பார். ரப்பர் மரத்தில் வைரம் என்று பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. முழுக்க வெள்ளைதான். பால் வெட்டி முடிந்து சாய்த்த மரத்தை அறுத்த சூட்டோடு மருந்துத் தொட்டியில் போடாவிட்டால் சில நாட்களிலேயே வண்டு விழும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யாத பலகையில்தான் உங்கள் கட்டில் செய்யப்பட்டிருக்கிறது. வாங்கியவர் ஏமாந்தது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. மூங்கிலை வெட்டி வந்தால் குளத்திலோ வாய்க்காலிலோ வாரக்கணக்கில் ஊறப்போடுவோம். நாற்றமடிக்கும். ஆனால் ஊறிய மூங்கில் கூரையில் பல வருடம் நிற்கும். ஊறாதது ஒரே வருடத்தில் மாவாகக் கொட்டும். இதற்கும் சார் சொன்ன மாவுச்சத்துதான் காரணமா?

மேகமலை

ஆமாம் ஐயா. தண்ணீரில் ஊறும்போது மூங்கிலின் சர்க்கரை கரைந்து போகிறது, மாவுச்சத்தைத் தண்ணீரிலுள்ள பாக்டீரியா தின்றுவிடுகிறது. அந்த நாற்றமே அதற்கு அடையாளம். அதற்குப் பின் போஸ்ட்ரிகிட் வண்டுக்கு அங்கே சாப்பாடு இல்லை. உங்கள் அப்பா செதுக்கி எறிந்த வெள்ளையில்தான் மரம் மாவுச்சத்தைச் சேமிக்கிறது. அது வைரமாக மாறும்போது அந்தச் செல்கள் செத்துவிடுகின்றன, சேமிப்பும் காலியாகிவிடுகிறது. பதிலாகக் கசப்பும் நஞ்சுமான பொருள்கள் சேர்கின்றன. தாத்தாவின் பீரோ தப்பித்தது அதனால்தான்.

தேய்பிறையில் மூங்கில் வெட்ட வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். என் கணிப்பில் பிறையைவிடப் பருவம்தான் முக்கியம். குருத்து விடுவதற்கு முன் மூங்கிலில் மாவுச்சத்து நிறைய இருக்கும். மழைக்காலத்தில் குருத்துகளை வளர்க்க அதைச் செலவழித்த பிறகு குறைந்துவிடும்.

நுண்ணுலகம்

சரி சார், லிக்டஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீள்கொம்பு வண்டுப் புழு செல்லுலோஸைச் செரிக்கிறதே, அந்த நொதி யாருடையது? 1986ல் குக்கோர், மார்ட்டின் என்ற இருவர் மோனோகாமஸ் என்ற நீள்கொம்பு வண்டில் ஆராய்ந்ததைப் படித்திருக்கிறேன். பூஞ்சை பிடித்த மரத்தைத் தின்னும்போது பூஞ்சையின் நொதியும் சேர்ந்து குடலுக்குள் போய், அங்கே தொடர்ந்து வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதாவது புழு அதைக் கடன் வாங்குகிறது. என் வாதம் இன்னும் நிற்கிறது.

மேகமலை

அந்த ஆய்வை நீங்கள் எடுத்துவந்தது மகிழ்ச்சி. கடன் வாங்கும் வண்டுகள் உண்டு. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

பூச்சி தானாகச் செல்லுலேஸ் (செல்லுலோஸை உடைக்கும் நொதி) செய்யாது என்பது நெடுநாள் பாடம். 1998ல் ஜப்பானில் வதனபேயும் தோகுதாவும் அவர்களுடைய கூட்டாளிகளும் கரையானின் சொந்த மரபணுவிலேயே ஒரு செல்லுலேஸ் இருப்பதைக் காட்டியதும் அந்தப் பாடம் உடைந்தது. அடுத்து வண்டுகள். 2003ல் மஞ்சள் புள்ளி நீள்கொம்பு வண்டில் ஜப்பானியரும், அடுத்த இரண்டு வருடங்களில் முசுக்கொட்டை நீள்கொம்பு வண்டில் கொரியரும் செல்லுலேஸ் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். குடல் சுவரின் செல்களே அந்த நொதியைச் சுரக்கின்றன.

இந்த நொதிகள் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தும் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான். கோத்த முடிச்சுதான் வேறு. மாவுச்சத்தின் முடிச்சை அவிழ்க்கும் அமைலேஸ் நம் எச்சிலிலேயே இருக்கிறது. செல்லுலோஸ் மாலைகளோ ஒன்றோடொன்று ஒட்டி, கயிறு முறுக்கியது போலக் கெட்டியாகப் படிந்துவிடும். அதை அவிழ்க்க ஒரு நொதி போதாது. எண்டோகுளுக்கனேஸ் என்பது மாலையை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். அந்த ஜோடியைப் பீட்டா குளுக்கோசிடேஸ் உடைத்துத் தனிக் குளுக்கோஸாக்கும். பூச்சிகளில் முதலும் கடைசியும் தெளிவாகக் கிடைக்கின்றன, நடுவில் உள்ளது பலவற்றில் கிடைப்பதில்லை. அந்தக் குறையில் ஒரு பங்கைத் தாடை ஈடுகட்டுகிறது. மரத்தை அவ்வளவு நுணுக்கமாக அரைத்து அனுப்பினால் நொதிக்கு எட்டாத இடம் குறைந்துவிடும் அல்லவா?

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வண்டுகளின் இந்த மரபணுக்கள் சில எங்கிருந்து வந்தன என்று தேடியபோது, அவை மற்றப் பூச்சிகளின் மரபணுக்களை ஒத்திருக்கவில்லை. பூஞ்சைகளின், பாக்டீரியாக்களின் மரபணுக்களை ஒத்திருந்தன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மூதாதை வண்டுக்குள் நுண்ணுயிரின் மரபணு நுழைந்து, முட்டை வழியாகப் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளை உடைக்கும் நொதி பூஞ்சையிடமிருந்து வந்தது. 2016ல் ஆசிய நீள்கொம்பு வண்டின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது, தாவரச் செல்சுவரை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் பெருகிக் கிடப்பதைப் பார்த்தார்கள். சீனாவிலிருந்து வந்த சரக்குப் பெட்டிகளின் கட்டையில் ஒளிந்துபோய், 1996ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மேப்பிள் மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்ட வண்டு அது. அவ்வளவு வகை மரங்களில் அது வாழ முடிவதற்கு அந்தக் குடலும் ஒரு காரணம்.

ஆகவே தம்பி, நொதி நுண்ணுயிருடையது என்று நீங்கள் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் இன்று அது வண்டின் சொந்தம்.

நுண்ணுலகம்

சார், கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மரபணு கைமாறுவது பாக்டீரியாக்களுக்குள் நடக்கும் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். வண்டு வரை போகும் என்று நினைக்கவில்லை.

தேடியதில் நம் மலைக்கே வந்த ஒரு உதாரணம் கிடைத்தது. காபிக்காய்த் துளைப்பான், 1990ல் நீலகிரிக் கூடலூரில் முதலில் பிடிபட்டு இந்தியா முழுக்கப் பரவியதே, அதுதான். இது மரத்தைத் துளைப்பதில்லை, கொட்டையைத் துளைக்கிறது. காபிக் கொட்டை தன் சேமிப்பைப் பெரும்பாலும் கேலக்டோமன்னன் என்ற கெட்டியான சர்க்கரைச் சங்கிலியாக வைத்திருக்கிறது. அதை உடைக்கும் மன்னனேஸ் மரபணு இந்த வண்டுக்கு பாக்டீரியாவிடமிருந்து வந்தது என்று 2012ல் காட்டியிருக்கிறார்கள். காபியைத் தொடாத அதன் நெருங்கிய உறவு வண்டில் அந்த மரபணு இல்லை.

என் முதல் பதிவில் "எதுவானாலும்" என்று எழுதியது தவறு. மாற்றிக்கொள்கிறேன்.

மேகமலை

நல்ல உதாரணம், எனக்கு வகுப்பில் உதவும். ஆனால் நுண்ணுயிர்களை ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். மரத்தில் நைட்ரஜன் 0.1 சதவீதம்கூட இருக்காது. குளுக்கோஸ் எவ்வளவு கிடைத்தாலும் புரதம் இல்லாமல் உடம்பு வளராதே. அந்த இடத்தில் பல வண்டுகளுக்கு ஈஸ்டும் பாக்டீரியாவும் கைகொடுக்கின்றன. அனோபியிட் புழுக்களின் நடுக்குடல் தொடக்கத்தில் ஈஸ்ட் போன்ற உயிரிகளுக்கென்றே தனிப் பைகள் உண்டு. தாய் வண்டு முட்டையின் மேல் அவற்றைப் பூசிவிடுகிறது. பிறக்கும் புழு ஓட்டைக் கடித்துத் தின்றுகொண்டே வெளியே வருகிறது, ஈஸ்டும் குடலுக்குள் போய்விடுகிறது. தாய் ஊட்டுகிற முதல் வாய்ச் சோறு என்றே எனக்குத் தோன்றும். 1950ல் நம் நாட்டுப் பூச்சியியலாளர் என். சி. பந்தும் பிரேங்கலும் இதே குடும்பத்துச் சிகரெட் வண்டிலும் அதன் உறவு வண்டிலும் இந்த ஈஸ்டை ஆராய்ந்து, அது பி வைட்டமின்களைக் கொடுக்கிறது என்று நிறுவினார்கள்.

தேயிலைச்சாரல்

வணக்கம். இலங்கையில் கண்டிப் பக்கத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள் நான். அப்பா கவ்வாத்து வெட்டப் போனவர். ஷாட் ஹோல் போரர் பிடித்த தேயிலையைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். கிளையில் ஊசி குத்தியது போலத் துளை இருக்கும், கொழுந்து பறிக்கையில் கை பட்டாலே கிளை முறிந்துவிடும். உள்ளே பார்த்தால் துளைச் சுவர் கறுத்திருக்கும். அதுவும் இந்தச் செல்லுலோஸ் கூட்டமா?

மேகமலை

இல்லை அம்மா. அது மூன்று கூட்டத்திலும் சேராதது. உங்கள் தேயிலை வண்டு மரத்தைச் சாப்பிடுவதே இல்லை. தாய் வண்டு வாய்ப்பகுதியில் உள்ள சின்னப் பைகளில் ஒரு பூஞ்சையைச் சுமந்துவந்து, துளைச் சுவரில் விதைக்கிறது. புழுக்கள் அந்தப் பூஞ்சையை மேய்கின்றன. நீங்கள் பார்த்த கறுப்பு அந்தப் பயிரால் வந்தது. 1947ல் அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தவர்களே இலங்கையில் வேலை பார்த்த காடும் லூஸும்தான். மரத்தை உடைக்கும் நொதி வேலை அங்கே குடலுக்கு வெளியே நடக்கிறது. பூஞ்சை சமைத்து வைக்கிறது, புழு சாப்பிடுகிறது.

தேயிலைச்சாரல்

அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன் ஐயா. முறிந்த கிளைக்குள் பூச்சி ஒன்றையும் தின்ற மாதிரி இல்லையே என்று அந்தக் காலத்திலேயே யோசித்தாராம்.

முந்திரிக்காடு

பண்ருட்டியில் ஐந்து ஏக்கர் முந்திரி. தானே புயலில் தோப்பு போய், திரும்ப நட்டு வளர்த்தது. இப்போது தூர்ப்பகுதியில் பிசினும் சக்கையும் தள்ளுகிறது. தண்டு துளைப்பான் என்று தெரியும். இலை மஞ்சளானால் மரம் போய்விட்டது என்று அர்த்தம். நீங்கள் சொல்கிற நொதியை நிறுத்த ஏதாவது மருந்து உண்டா?

மேகமலை

ஐயா, நொதியைத் தடுக்கும் புரதங்கள் பயறு வகைகளின் விதையில் இயற்கையாகவே உண்டு. பீன்ஸில் உள்ள அமைலேஸ் தடுப்பியைப் பட்டாணிக்குள் கொண்டுபோய்ப் பயறு வண்டைத் தடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் முந்திரித் தோப்புக்கு அப்படி வாங்கித் தடவும் மருந்து கிடையாது. பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை.

உங்கள் புழுவும் நீள்கொம்பு வண்டுக் குடும்பம்தான். ஆனால் அது மேய்வது பட்டைக்கு உட்புறமுள்ள உயிருள்ள சதையில். இலையில் தயாரான சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை அது. வட்டமாக அரித்துவிட்டால் வேர் பட்டினி. அதனால் இலை மஞ்சளாகும் வரை காத்திருக்காமல், பிசின் கண்ட அன்றே உளியால் பட்டையைத் திறந்து புழுவை எடுங்கள். கடைசியில் அது சுண்ணாம்பு ஓடு போல வெள்ளைக் கூடு கட்டி உள்ளே கூட்டுப்புழுவாகும், அதையும் விடாதீர்கள். செத்த மரத்தைத் தோப்பில் நிற்கவைக்க வேண்டாம், அதிலிருந்துதான் அடுத்த தலைமுறை கிளம்பும்.

முந்திரிக்காடு

நன்றி சார். வெள்ளைக் கூட்டைப் பார்த்திருக்கிறேன், கல் என்று நினைத்து எறிந்துவிட்டேன். நாளைக்கே ஆளை வைத்துத் தூரெல்லாம் பார்க்கிறேன்.

வாசல்திண்ணை

எல்லோரும் எழுதியதைப் படித்து ஒரு சோதனை செய்தேன். மாவுச்சத்து இருந்தால் அயோடின் நீலமாகும் அல்லவா? புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடினைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து மூன்று இடத்தில் சொட்டினேன். கட்டிலின் அடிப்பக்கம் வார்னிஷ் இல்லாத இடத்தைச் சுரண்டிச் சொட்டியதும் கருநீலமாகிவிட்டது. தேக்கு பீரோவின் பின்பலகையில் அயோடின் நிறமே நின்றது. கட்டிலுக்கடியில் கிடந்த தூள் பெரும்பாலும் பழுப்பு, அங்கங்கே மட்டும் நீலப் புள்ளி. மாவுச்சத்தை அது உருவிக்கொண்டு போனது கண்முன்னே தெரிகிறது. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

மேகமலை

அருமை. அந்த நீலப் புள்ளிகளுக்கும் காரணம் உண்டு. வளர்ந்த வண்டு வெளியே வரும்போது கடித்துத் துப்பிய மரத்தூள் குடலுக்குள் போகாதது, அதில் மாவுச்சத்து அப்படியே இருக்கும்.

உளிச்சத்தம்

கட்டிலுக்கு வருகிறேன். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பச்சைப் பலகைக்குத்தான் நன்றாக ஏறும். வார்னிஷ் அடித்த மரத்துக்குள் இறங்காது. துளை உள்ள இரண்டு பக்கச் சட்டங்களையும் கழற்றி மாற்றிவிடுவதுதான் நல்லது. மீதியில் அடிப்பக்கத்தை வெறும் மரம் தெரியும்வரை தேய்த்து, கரைசலை மூன்று நான்கு தடவை பூசிக் காயவிட்டு, பிறகு வார்னிஷ் அடியுங்கள். சூடு கொடுக்கும் அறை உள்ள மரக்கிடங்கு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஏற்றுமதிப் பெட்டிக் கட்டைகளுக்கு நடுமரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறார்கள், அதில் புழு முட்டை எதுவும் தப்பாது. புதுச் சட்டத்துக்கு மரம் எடுக்கும்போது அந்த அயோடின் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

வாசல்திண்ணை

ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறோம். பழைய சட்டத்தைப் பிளந்து பார்க்கும்போது புழு கிடைத்தால் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். அது லிக்டஸ்தானா என்று சார் பார்த்துச் சொல்ல வேண்டும்.